பனிப்படமும் ‘அண்ணை’ என்னும் சொல்லும்

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஆறாம் நாள், வியாழக்கிழமை. வானம் தெளிந்திருந்தது. லண்டன் மாநகரில் அக்காலத்திற்குச் சற்றும் பொருந்தாத இளவெயில் எறித்தது. மக்கள் தம் மேலங்கிகளைக் கையில் தொங்கவிட்டபடி நடந்தனர். முந்திய நாள் திருநீற்றுப் புதன். ஆகவே கிறிஸ்தவர்களின் நோன்புக் காலமாகிய தவக்காலம் தொடங்கியிருந்தது. என் தந்தையார் கிறிஸ்துராஜா, சீனி இல்லாத தேநீரை ஒரு மிடறு பருகி, முகத்தைச் சுளித்து, பின்னர் கண்ணாடியின் முன் நின்று தம் கழுத்துப்பட்டியை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

“அப்பா, டை சரியாத்தான் இருக்கு. விடுங்கோ” என்றேன்.

“இல்லைப் பிள்ளை. இண்டைக்கு என்னவோ இடப்பக்கம் இழுக்குது.”

“டை இழுக்கேல்லை. நெஞ்சுதான் இழுக்குது.”

“விசர்க்கதை கதையாதை, ஏஞ்சலா.”

என் தந்தையார் மன்னாரில் பிறந்தவர். இப்போது கிழக்கு லண்டனில் அப்டன் பார்க் பகுதியில் என்னுடன் வாழ்கிறார். மத்திய லண்டனில் உள்ள ஒரு பெரிய அருங்காட்சியகத்தில் காட்சிக்கூடப் பணியாளராக இருக்கிறார். உறவினர் அவரைச் “செக்கியூரிட்டி” என்று கூறுவதுண்டு. அப்போதெல்லாம் அவர் உடனே திருத்துவார்: “செக்கியூரிட்டிக்காரர் ஆக்களைப் பாக்கிறவை. நான் படத்தைப் பாக்கிறனான்.” அவ்வாண்டு அவர் பொறுப்பில் இருந்தது ஜப்பானிய மரப்பலகை அச்சுப்படங்கள் வைக்கப்பட்ட மண்டபம். அப்படங்களுள் ஒன்றைப் பற்றியும், அதனைக் காண வந்த ஒரு பெண்மணியைப் பற்றியும் இங்கே கூறுகிறேன்.

அப்படம் அகலத்தில் ஒரு செய்தித்தாளின் பாதி அளவே இருக்கும். பனி மூடிய மலைச்சரிவு, அடிவாரத்தில் கருநீல ஆறு, ஆற்றங்கரையில் மூன்று வீடுகள், ஒரு படகு, அதில் கோலுடன் ஒரு படகோட்டி. வைக்கோல் தொப்பி அணிந்த ஒருவன் சரிவில் இறங்கி வருகிறான். வானம் மேலே அடர்நீலமாகத் தொடங்கி, கீழே வர வர வெளுத்து, மலையைத் தொடும்போது நிறமே இல்லாமல் போகிறது. இத்தகைய படங்களின் சாயம் ஒளிபட்டால் மங்கும். ஆகையால் அவற்றைச் சில மாதங்களே சுவரில் தொங்கவிடுவர். அதன்பின் பல ஆண்டுகள் அவை பெட்டிக்குள் இருளில் ஓய்வெடுக்கும். செப்டெம்பர் மாதத்தில் தொங்கவிடப்பட்ட பனிப்படத்திற்கு மார்ச் ஆறாம் நாளே இறுதி நாள். மறுநாட் காலையில் அதனைக் கழற்றிவிடுவார்கள்.

படம் போய்விட்டால் ஜெயகௌரி அம்மையாரும் வரமாட்டார். இதுவே என் தந்தையாரின் கவலை.

ஜெயகௌரி அம்மையார் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்னும் ஊரில் ஒரு மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவர். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர், கணவரை இழந்தவர். வெள்ளிக்கிழமைகளில் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குச் செல்வார். வியாழக்கிழமை அவருக்கு விடுமுறை. கடந்த செப்டெம்பரில் ஒரு வியாழக்கிழமை, மழைக்கு ஒதுங்கி அருங்காட்சியகத்தினுள் நுழைந்தவர், வழி தெரியாமல் நடந்து நடந்து பனிப்படத்தின் முன்னால் வந்து நின்றார். நின்றவர், மருந்துப் போத்தலின் சிற்றெழுத்தைப் படிப்பவர்போல், படத்தின் கண்ணாடியில் மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்தார். உடனே அபாய ஒலி அலறியது.

“ஐயோ முருகா!” என்று அவர் பின்வாங்கினார்.

தந்தையார் விரைந்து சென்றார். “பயப்பிடாதேங்கோ. அது ஆர் கிட்டப் போனாலும் கத்தும். போன கிழமை எங்கடை டிரெக்டருக்கும் கத்தினது.”

“அட, தமிழோ! வெள்ளைக்காரன் பிடிச்சுக் குடுக்கப் போறானெண்டு நடுங்கிப் போனன். தாங்க்ஸ் அண்ணை.”

தொல்லை அவ்விடத்திலேயே தொடங்கிற்று. அறிமுகமில்லாத ஆடவரை ‘அண்ணை’ என்று விளிப்பது நம்மவர் பண்பாடு. கடைக்காரருக்கும் அச்சொல் உரியது. பேருந்து ஓட்டுநருக்கும் உரியது. ‘நான் உங்களை மதிக்கிறேன்’ என்பதற்கு மேல் அதில் பெரிய பொருள் எதுவுமில்லை. ஆயினும் அச்சொல் பல முறை புழங்கிவிட்டால், அதனுள்ளே உண்மையாகவே ஓர் அண்ணனும் ஒரு தங்கையும் குடிபுகுந்துவிடுகின்றனர். பின்னர் அவர்களை எழுப்பி வெளியே அனுப்புவது எளிதன்று.

அடுத்த வியாழக்கிழமையும் ஜெயகௌரி அம்மையார் வந்தார். அதற்கடுத்த வியாழக்கிழமையும் வந்தார். “இவ்வளவு பெரிய மியூசியத்திலை ஏன் இந்த ஒரு படத்தை மட்டும் பாக்க வாறியள்?” என்று தந்தையார் கேட்டபோது, அவர் கூறிய விடை எங்கள் வீட்டில் இன்றும் வழங்குகிறது:

“இந்தப் படத்திலை ஒருத்தரும் என்னட்டை மருந்து கேக்கேல்லை, அண்ணை.”

அவருடன் உரையாட ஏதேனும் வேண்டும் என்பதற்காகவே தந்தையார் கற்கத் தொடங்கினார். ஓய்வு நேரத்தில் நூலகத்தில் அமர்ந்து படித்தார். படப்பாதுகாப்புப் பிரிவினரிடம் கேட்டறிந்தார். பனியின் வெண்மை மையன்று என்பதையும், மை படாமல் விடப்பட்ட தாளே பனியாகத் தோன்றுகிறது என்பதையும் அவர் ஜெயகௌரி அம்மையாருக்கு எடுத்துரைத்தார். ஒவ்வொரு நிறத்திற்கும் தனித்தனிப் பலகை செதுக்கப்பட்டதையும், வானத்து நீலத்தைப் பலகையின்மேல் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து மெலிய வைத்ததையும் விளக்கினார். அம்மையார் உன்னிப்பாகக் கேட்பார். ஒரு காரியத்தில் மட்டும் இருவரும் ஒருபோதும் உடன்படவில்லை. படகோட்டி தொப்பிக்காரனுக்காகக் காத்திருக்கிறான் என்பது தந்தையாரின் கருத்து.

“எங்கை காத்திருக்கிறான்? கோலை ஊன்றிப்போட்டான். அவன் வெளிக்கிட்டிட்டான்” என்பார் அம்மையார்.

“இல்லை, ஆள் வாறதைக் கண்டிட்டுத்தான் நிண்டவன்.”

“நீங்கள் நல்ல மனுசன், அண்ணை. அதுதான் உங்களுக்கு அப்பிடித் தெரியுது.”

இவற்றையெல்லாம் தந்தையார் இரவு உணவின்போது என்னிடம் கூறுவார். என் தாயார் டொலறஸ் இறந்த எட்டு ஆண்டுகளில் அவர் உணவு மேசையில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. தைப்பொங்கல் கழிந்த ஒரு வாரத்தில், நானே வெளிப்படையாகக் கேட்டுவிட்டேன்.

“அப்பா, உங்களுக்கு அந்த அன்ரியைப் பிடிச்சிருக்கோ?”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “பிடிச்சென்ன? அவ அண்ணை எண்டெல்லோ கூப்பிடுறா.”

“ஒவ்வொரு தரமுமோ?”

“வசனத்துக்கு வசனம்.”

“அப்ப கேம் ஓவர், அப்பா.”

“சிரிக்காதை.”

“நீங்கள் அவவை என்னெண்டு கூப்பிடுறனீங்கள்?”

அவர் தண்ணீர் குடித்தார். எழுந்து கை கழுவினார். குழாயடியில் நின்று, முதுகைக் காட்டியபடி, மிகத் தாழ்ந்த குரலில், “ஆரம்பத்திலை ஒருக்கா, ரெண்டுதரம், தங்கச்சி எண்டு சொல்லிப்போட்டன்” என்றார்.

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் சுவரில் தட்டினர்.

அதன்பின் அவர் சில முயற்சிகளை மேற்கொண்டார். முதலில், தம்மைப் பெயர் சொல்லி அழைக்குமாறு ஜெயகௌரி அம்மையாரை வேண்டினார். “ஐயோ, பேர் சொல்லிக் கூப்பிடுறதோ? அது மரியாதையில்லை, கிறிஸ்துராஜா அண்ணை” என்றார் அம்மையார். இவ்வாறு அச்சொல் நீங்குவதற்குப் பதிலாக நீண்டது. பெப்ரவரி மாதத்தில் அம்மையாருக்கு அறுபது வயது நிறைந்தது. அதனை அறிந்த தந்தையார் திகைத்துப் போனார். ஏனெனில் அவருக்கு ஐம்பத்தெட்டு வயதே ஆகியிருந்தது.

“பாத்தியே, நான் அவவுக்கு அண்ணையே இல்லை” என்று வீட்டிற்கு வந்து மகிழ்ச்சியோடு கூறினார்.

“சொன்னனீங்களோ?”

“சொல்ல வாய் திறந்தன். பேந்து யோசிச்சன். அண்ணை இல்லையெண்டால் தம்பி எண்டெல்லோ கூப்பிடுவா.”

எனவே அவர் தம் வயதை மறைத்தார். நாட்கள் சென்றன. படத்தைக் கழற்றும் தேதி மண்டப வாயிலில் ஒட்டப்பட்டது. அதனைப் படித்த ஜெயகௌரி அம்மையார், “படம் போனால் எனக்கு இஞ்சை என்ன வேலை, அண்ணை?” என்றாராம். அவ்விரவு தந்தையார் சாப்பிடவில்லை. தவக்காலம் முடியட்டும், உயிர்ப்புப் பெருவிழாவிற்குப் பின் பார்ப்போம் என்று கூறிப் பார்த்தார். “தவக்காலத்திலை கோயிலிலை கலியாணம்தான் வைக்கிறேல்லை. கதைக்கக் கூடாதெண்டு ஃபாதர் சொன்னவரோ?” என்று நான் கேட்டேன்.

ஆகவேதான் மார்ச் ஆறாம் நாள் அவ்வாறு விடிந்தது. மருத்துவமனையில் என் பணி நண்பகலோடு முடிவுற்றமையால், நான்கு மணியளவில் நானும் அம்மண்டபத்திற்குச் சென்றேன். நடுவிலிருந்த நீள இருக்கையில் அமர்ந்தேன். தந்தையார் என்னைக் கண்டு தலையசைத்தார். பின்னர் அறியாதவர்போல் நின்றார். பனிப்படத்தை அன்றுதான் நான் நேரில் கண்டேன். வெளியே அவ்வளவு வெயில். உள்ளே மங்கிய விளக்கொளியில் அவ்வளவு பனி. அப்பனி வெறும் தாள்தான் என்பதை அறிந்திருந்தும் எனக்குக் குளிர்ந்தது.

நான்கரை ஆயிற்று. ஐந்தும் ஆயிற்று. ஜெயகௌரி அம்மையாரைக் காணவில்லை. தந்தையார் வாயிலுக்கும் படத்திற்கும் இடையே நடந்தார். அருங்காட்சியகம் ஐந்தரை மணிக்கு மூடப்படும். கடைசிப் பதினைந்து நிமிடங்களில் மக்களை வெளியே அனுப்பத் தொடங்க வேண்டும். அவர் அனுப்பத் தொடங்கிய வேளையில், மூச்சு வாங்க ஒரு பெண்மணி உள்ளே நுழைந்தார். குள்ளமானவர், நரைத்த கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தார், நீலக் கம்பளிச் சட்டை அணிந்திருந்தார்.

“டிஸ்ட்ரிக்ட் லைன் ரெயின் நிண்டுபோச்சு, அண்ணை! மைல் எண்டிலை இறங்கி மாறி, ஓடி வந்தனான். படம் போட்டுதோ எண்டு பயந்துபோனன்.”

“நாளைக்குத்தான் கழட்டுவினம். பாருங்கோ, பாருங்கோ. ரைம் இருக்கு.”

“அப்ப இண்டையோடை முடிஞ்சுது, என்ன அண்ணை?”

தந்தையார், “அந்தப் பக்கம் ஆக்களை அனுப்பிப்போட்டு வாறன்” என்று கூறி வாயிலை நோக்கி நடந்தார். எழுந்து சென்று அவர் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

ஜெயகௌரி அம்மையார் படத்தின் முன் தனியாக நின்றார். ஒலி எழாத தூரத்தை அவர் இப்போது நன்கு அறிந்திருந்தார். அவ்வெல்லையில் நின்று மெல்லக் குனிந்தார். ஒரு பக்கம் தலையைச் சாய்த்து, விளக்கொளி படும் கோணத்தை மாற்றி, வானத்தை உற்று நோக்கினார். வானத்து நீலத்தினுள்ளே நூல்போன்ற வரிகள் ஓடின. அவை ஓவியர் வரைந்தவை அல்ல. அச்சிட்ட பலகையின் மரவரிகள். ஆறு மாதங்கள் பார்த்தும் அதுவரை அவர் கண்ணில் அவை படவில்லை. வியப்பு மேலிட, திரும்பிப் பாராமலே, அவர் உரக்க அழைத்தார்.

“இஞ்சை பாருங்கோ!”

அருகே அமர்ந்திருந்த எனக்கு அது தெளிவாகவே கேட்டது. வாயிலருகே நின்ற தந்தையாருக்கோ, அம்மண்டபத்தின் உயரத்தில் ஓரிரு ஒலிகள் கரைந்துபோயின.

இவ்விடத்தில் ஒன்றை விளக்குதல் வேண்டும். யாழ்ப்பாணத்து வழக்கில் மனைவி தன் கணவனைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘இஞ்சாருங்கோ’ என்று அழைப்பாள். ‘இங்கே பாருங்கள்’ என்னும் தொடரே அவ்வாறு சுருங்கிற்று. அதற்குக் கணவன் கூறும் மறுமொழி ‘என்னப்பா’ என்பதாகும். என் தாயார் சமையலறையிலிருந்து அழைக்க, தந்தையார் முன்னறையிலிருந்து விடையளிப்பதை என் இளமை முழுவதும் கேட்டிருக்கிறேன். எட்டு ஆண்டுகளாகக் கேட்கவில்லை.

“என்னப்பா?” என்றார் தந்தையார்.

சொன்ன பின்னரே தாம் சொன்னதை அவர் கேட்டார். அவர் முகம் வெளிறியது. மண்டபத்தில் எஞ்சியிருந்த சிலருள் தமிழ் அறிந்தவர் மூவரே. அம்மூவரும் அசையவில்லை.

ஜெயகௌரி அம்மையார் மெதுவாக நிமிர்ந்தார். “இப்ப என்ன சொன்னனீங்கள்?”

“நீங்கள் கூப்பிட்டனீங்கள்... அதுக்கு நான்...”

“நான் என்னெண்டு கூப்பிட்டனான்?”

தந்தையார் தரையைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். நான் தீயணைப்புக் கருவியைப் பார்த்தேன்.

“இஞ்சாருங்கோ எண்டு.”

“நான் ‘இஞ்சை பாருங்கோ’ எண்டெல்லோ சொன்னனான். வானத்திலை மரத்தின்ரை வரி தெரியுது, அதைப் பாக்கச் சொன்னனான்.”

“ஓ.”

“உங்களுக்கு அப்பிடியே கேட்டது?”

“ஓம்.” அவர் இரண்டு அடி முன்னே வந்தார். “அப்பிடிக் கேக்க வேணும் எண்டு கன நாளா நிண்டனான். அதாலை கேட்டிருக்கும்.”

அம்மையார் படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். கழுத்தின் பின்புறம் சிவந்திருந்தது. “ஆறு மாசமா அண்ணை அண்ணை எண்டு கூப்பிட்டனே. அது?”

“அது எனக்கு ஒரு நாளும் வடிவாக் கேக்கேல்லை.”

அம்மையாரின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று அஞ்சினேன். அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “உங்கடை காதை ஒரு டொக்டரிட்டைக் காட்ட வேணும்.”

“நீங்கள்தானே மருந்துக்கடை.”

“இதுக்கு எங்களிட்டை மருந்தில்லை.”

“ஜெயகௌரி” என்றார் தந்தையார். வெறும் பெயரை அவர் உச்சரித்தது அதுவே முதல் முறை என்று நினைக்கிறேன். “நான் வேதக்காரன், நீங்கள் சைவம். உங்களைவிட ரெண்டு வயசு குறைவு. சீனியில்லாத தேத்தண்ணி குடிச்சு இண்டைக்குத் தலையிடி வேறை. நாளைக்குப் படம் போயிடும். படம் போனாலும் நீங்கள் வரவேணும். அதைத்தான் சொல்ல நிண்டனான்.”

“ரெண்டு வயசு குறைவோ! அப்ப நான் ஒரு தம்பியைப் பிடிச்சு...”

“தம்பியும் வேண்டாம்!” என்று தந்தையார் ஏறத்தாழக் கத்திவிட்டார்.

என்னால் அடக்க முடியவில்லை. என் சிரிப்பொலி கேட்டு அம்மையார் திரும்பினார்.

“உந்தப் பிள்ளை ஏன் சிரிக்குது? தமிழோ?”

“என்ரை மகள். ஏஞ்சலா.”

“ஐயோ முருகா.” அவர் இரு கன்னங்களையும் கைகளால் மூடிக்கொண்டார். பின்னர், தப்ப வழியில்லை என்று கண்டவர்போல், நேரே வந்து என் பக்கத்தில் அமர்ந்தார். “பிள்ளை, எல்லாத்தையும் கேட்டுக்கொண்டோ இருந்தனீர்?”

“ஓம் அன்ரி.”

“உம்மடை மனசுக்கு என்ன சொல்லுது? ஒளிக்காமல் சொல்லும்.”

எல்லாம் நன்று என்று கூறவே நான் எண்ணியிருந்தேன். மாதக்கணக்கில் தந்தையாரை உந்தித் தள்ளியவள் நானே அல்லவா? ஆயினும் என் வாயில் வந்தது வேறு. “அம்மாவும் அப்பாவை அப்பிடித்தான் கூப்பிடுறவ. இஞ்சாருங்கோ எண்டு.”

அம்மையார் என் கையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். மருந்துக்கடையில் பணிபுரிவோருக்கே உரிய, கழுவிக் கழுவி உலர்ந்த கை.

“அப்ப அந்தச் சொல்லை நான் எடுக்கமாட்டன். அது உம்மடை அம்மான்ரை சொல். எனக்கு வேறை ஏதும் கிடைக்கும். இல்லையெண்டால் செய்வம்.”

தந்தையார் எங்களை நோக்கி நின்றார். அவருக்கு எதுவும் கேட்டதா என்று தெரியவில்லை. ஒலிபெருக்கியில் மூடும் அறிவித்தல் வந்தது. அவர் தொண்டையைச் செருமி, பழக்கத்தின்படி, வாயிலை நோக்கிக் கையை நீட்டினார்.

ஜெயகௌரி அம்மையார் எழுந்தார். படத்தின் முன் மறுபடியும் நின்று, வானத்தின் வரிகளை நோக்கினார். தந்தையாரையும் அழைத்துக் காட்டினார். இருவரும் ஒரே அளவு குனிந்தனர். “ஓம், மரந்தான்” என்றார் தந்தையார். “நான் காணேல்லை, பாத்தீங்களே” என்றார்.

“இதைக் கழட்டினால் இந்தச் சுவரிலை என்ன வரும்?”

“வேறை படம். வேறை ஊர், வேறை மலை.”

“அதுக்குப் பிறகு?”

“அதுவும் ஆறு மாசத்திலை மாறும். இந்த அறை அப்பிடித்தான்.”

“அப்ப காணும், எனக்கு அது போதும்” என்றார் அம்மையார். “எனக்கு வியாழக்கிழமை லீவுதானே.”

கைப்பையைத் தோளில் மாட்டினார். என் தலையைத் தடவினார். வாயிலை அடைந்து, திரும்பி, தந்தையாரை நோக்கி, “அப்ப நான் போட்டு வாறன்” என்றார்.

அவ்வசனத்தின் முடிவில் அச்சொல் வருவதற்கு இடம் இருந்தது. தந்தையார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் காத்திருந்தேன். அம்மையாரின் உதடுகள் பழக்கத்தால் ‘அ’ என்னும் எழுத்தை நோக்கிச் சற்றே திறந்தன. பின்னர் அவர் அவற்றை மூடிக்கொண்டு, புன்னகை செய்து, படிகளில் இறங்கிச் சென்றார்.

அப்போது மாலை ஐந்து மணி இருபத்தேழு நிமிடம்.